கொழிஞ்சாம்பாறையின் துண்டுத்துணிக் கடை: ஓராண்டுத் தையலுக்குப் பின் எழுதும் மதிப்புரை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கும் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் சாலை பிரிகின்ற கொழிஞ்சாம்பாறையில், கடைவீதியை ஒட்டிய ஒரு சந்தில் இந்தக் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. துண்டுத்துணிக்காரர் கடை எங்கே என்று தமிழிலோ மலையாளத்திலோ கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். திருப்பூர், கோவைப் பக்கத்துத் தையல் நிறுவனங்களில் மிஞ்சுகின்ற துணியையும், கேரளத் தறித்துணியின் வெட்டுத் துண்டுகளையும் இங்கே எடைபோட்டு விற்கிறார்கள். ஒரு மூலையில் துவைத்துத் தேய்த்த பழைய ஆடைகளும் உண்டு. விருந்துக்கும் விசேஷத்துக்கும் கையால் தைத்த பரிசையே கொடுப்பது என்று முடிவெடுத்த கடந்த ஓராண்டில், மாதம் ஒரு முறையேனும் இங்கே போய் வந்தேன்.

பலரும் இதை மலிவு விலைக் கடை என்றே அறிந்திருக்கிறார்கள். மலிவுதான் காரணமென்றால் இவ்வளவு தூரம் வரவே வேண்டியதில்லை, ஏனென்றால் தெருமுனைத் தையல்காரரிடம் கேட்டால் ரவிக்கைத் துணியின் மிச்சத்தை ஒரு பை நிறையக் காசில்லாமலே தருவார். ஆனால் அந்த மிச்சம் கழுத்து வளைவையும் அக்குள் வளைவையும் வெட்டியபின் விழுந்தது. முக்கோணமும் பிறைவடிவமுமாக, ஒரு பக்கம் நான்கு விரல், மறுபக்கம் ஒரு விரல் என்று இருக்கும் அதைக்கொண்டு ஒட்டுத்தையல் போடலாமே தவிர, ஒரு சுருக்குப் பைக்கு வேண்டிய நேர்த்துண்டை எடுப்பது கடினம். இந்தக் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் துணிச்சுருளின் கடைசி முனைகள். அவை சதுரமாகவோ நீள்சதுரமாகவோ, பல நேரங்களில் ஒரு பக்கம் கரையோடு, அதாவது நெய்யும்போதே அமைந்த பிரியாத ஓரத்தோடு, இருக்கின்றன. கரை இருந்தால் பாவு, அதாவது நெடுக்கு இழை, எந்தத் திசையில் ஓடுகிறது என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். பாவு இழையின் திசையில் துணி இழுபடாது, ஊடை என்ற குறுக்கு இழையின் திசையில் சற்றே கொடுக்கும், மூலைவாட்டில் இழுத்தால் நன்றாக நீளும். பையின் கைப்பிடியைப் பாவின் திசையிலும், வளைவான ஓரத்துக்கு வைக்கும் பைப்பிங்கை மூலைவாட்டிலும் வெட்ட வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தும், கரையில்லாத துண்டுகளில் பலமுறை தவறியிருக்கிறேன்.

கடைக்காரர் துணியைப் பிரித்து வைத்திருக்கும் முறைதான் இந்தக் கடையின் பெரிய பலம் என்பேன். வண்ணம் பார்த்து அடுக்காமல் இழை பார்த்து அடுக்கியிருக்கிறார். பருத்தி ஒரு மேசையில், பாலியஸ்டரும் கலப்பும் இன்னொன்றில், பனியன் துணி தரையில் விரித்த பாயில், ஜீன்ஸ் துணி தனியாக ஒரு பெட்டியில். ஐயம் இருந்தால் ஓர் இழையை உருவி வாசலில் வைத்துத் தீக்குச்சியில் காட்ட அவரே சொல்கிறார். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிடும். பட்டு, முடி கருகும் மணம் வீசும். அடுப்படிக்குத் தைப்பவருக்கு இந்தச் சோதனை மிகவும் முக்கியமானது. சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணியில் பாலியஸ்டர் கலந்திருந்தால் அது உருகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒன்றை நம் கையாலேயே தைத்துப் பிறருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

விலையைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். நான் போகும்போதெல்லாம் பருத்தித் துண்டு கிலோ 220 ரூபாய்க்கும், ஜீன்ஸ் துண்டும் அதே விலைக்கும் கிடைத்தன. ஒரே விலை என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள பாப்ளின் துணியில் ஒரு கிலோ என்பது எட்டுச் சதுர மீட்டருக்கும் சற்று அதிகம், அதாவது 36 அங்குல அகலத்தில் சுமார் 9 மீட்டர். சதுர மீட்டருக்கு 400 கிராம் எடையுள்ள தடித்த ஜீன்ஸ் துணியில் அதே கிலோ இரண்டரைச் சதுர மீட்டர்தான். எனவே எடைக்கு வாங்கும்போது மெல்லிய துணியில் ஆதாயமும் கனமான துணியில் இழப்புமே மிஞ்சும். ஜீன்ஸ் வேண்டுமென்றால் மூலையில் தொங்கும் பழைய கால்சட்டையை வாங்குவதே மேல், ஏனென்றால் அதில் தைத்த பைகளும், ஜிப்பும், உலோகப் பொத்தானும் சேர்ந்தே வருகின்றன.

அந்த மூலையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஆண்களின் முழுக்கைச் சட்டைகள் அங்கே ஏராளம். பொத்தானும் காஜாவும் உள்ள முன்பக்கத்தை அப்படியே வைத்து, பொத்தான் வரிசை நடுவில் வருமாறு 17 அங்குலச் சதுரமாக வெட்டினால், 16 அங்குலத் திண்டு உறையின் பின்பக்கம் தயாராகிவிடும். புதிதாகக் காஜா எடுக்கவோ ஜிப் வைக்கவோ வேண்டாம், சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்குப் போனாலும் அளவு சரியாக நிற்கும். முன்பக்கத்துக்குப் பருத்தி மேசையிலிருந்து நான்கு துண்டுகளைச் சேர்த்தால் போதும். கடந்த ஆண்டில் இப்படி ஆறு உறைகள் தைத்துப் புதுமனை புகுந்த இரண்டு வீடுகளுக்குக் கொடுத்தேன். பழைய பட்டுப்புடவைகளை மட்டும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப் போயிருக்கும். மடித்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, ஊசி பட்டதும் கிழியும்.

பழைய துணியில் தைத்ததைப் பரிசாகக் கொடுக்கலாமா என்ற கேள்வி நம்மவர்களுக்கு எழாமல் இருக்காது. ஒருவர் உடுத்த துணியை இன்னொருவருக்குக் கொடுத்தால் அது தானமாகுமே தவிர மரியாதையாகாது என்று என் மாமியார் இன்றும் சொல்கிறார், அதை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இதே நம் வீடுகளில்தான், பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல், பாட்டியின் நைந்த நூல்சேலையிலும் தாத்தாவின் பழைய வேட்டியிலும் கிடத்துகிறோம். பலமுறை துவைத்துப் பஞ்சுபோலான துணி அந்தத் தோலை உறுத்தாது என்பது ஒரு காரணம், பெரியவர்களின் உடல் பட்ட துணி என்ற வாஞ்சை இன்னொரு காரணம். யாருடையது என்று தெரிந்த பழைய துணிக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதையே இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். எனவே குழந்தைக்குத் தைப்பதற்கு இந்தக் கடையின் பழைய துணியை நான் தொடுவதில்லை. அதற்கு அந்தந்த வீட்டுப் பெட்டியிலிருந்தே ஒரு சேலையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். திண்டு உறை, கைப்பை போன்றவற்றுக்குக் கடையின் பழைய துணியைப் பயன்படுத்தும்போது, வாங்குபவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் முகம் சுளிக்கவில்லை.

வீணான துணி பரிசாக மாறியதற்குக் கேரளத்திலேயே அருமையான ஒரு சான்று இருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் நெசவாளர்கள் ஓணத்துக்காக நெய்து வைத்திருந்த துணிகள் சேற்றில் மூழ்கி விற்க முடியாமல் போனபோது, அவற்றைக் கழுவிக் கிருமி நீக்கிச் சேக்குட்டி என்ற சிறு பொம்மைகளைச் செய்தார்கள். கறை நீங்காத இடங்கள் பொம்மையின் மேல் அப்படியே தெரியும். அந்தக் கறைக்காகவே அதை விரும்பி வாங்கினார்கள். சேறு என்ற சொல் நமக்கும் பொதுவானது என்பதால், அந்தப் பெயரைக் கேட்டதுமே இங்கே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

நான் தைத்தவற்றில் எனக்கு மிகவும் நிறைவளித்தவை விஷுவுக்கான கசவுப் பைகள், அதாவது பொன்னிறச் சரிகைக் கரையுள்ள கேரளத் துணியில் தைத்த பைகள். எங்கள் பக்கத்தில் சித்திரைப் பிறப்பும் விஷுவும் அடுத்தடுத்தோ ஒரே நாளிலோ வருவதால், விடியலில் கனி காண்பதும், பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கைநீட்டமாகக் காசு கொடுப்பதும் தமிழ் வீடுகளிலும் பழகிவிட்டன. அந்தக் கைநீட்ட நாணயத்தை வெறுங்கையில் கொடுக்காமல் ஒரு சிறு சுருக்குப் பையில் போட்டுக் கொடுக்க விரும்பினேன். கசவுக் கரையுள்ள துண்டிலிருந்து 5 அங்குல அகலமும் 7 அங்குல உயரமுமாக இரண்டிரண்டு வெட்டி, கரை பையின் வாய்ப்பக்கம் வருமாறு வைத்து, கரைக்குச் சற்றுக் கீழே நாடா நுழையும் பாதையைத் தைத்தால் பை முடிந்தது. கரையைப் பையின் ஓரமாகவே விட்டுவிடுவதால் அந்த இடத்தில் மடித்துத் தைக்கவும் வேண்டாம். கசவின் மேல் நேரடியாகச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பளபளப்பு மங்கும் என்பதால், உட்புறம் திருப்பி, மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு, குறைந்த சூட்டில் தேய்த்தேன். முந்நூறு கிராம் துண்டில் வேண்டிய பைகள் எல்லாம் முடிந்தன. தெருவிலுள்ள அத்தனை பிள்ளைகளும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

அடுத்தபடியாகப் பிடிதுணிகள். வெளியே இரண்டு பக்கமும் பருத்தித் துண்டு, உள்ளே இங்குள்ளவர்கள் தோர்த்து என்று சொல்லும் ஈரிழைத் துண்டை நான்காக மடித்து வைத்து, 8 அங்குலச் சதுரத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தேன். இத்தனை அடுக்குக்கு 14ஆம் எண் ஊசி வளைகிறது. 16ஆம் எண் ஊசியை மாட்டி, தையல் நீளத்தையும் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். துணிப்பைகளும் தைத்தேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலும் கேரளத்தில் 2020 ஜனவரியிலும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபின், எல்லையின் இரு பக்கத்துச் சந்தைக்கும் போய்வருபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பரிசு இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். சென்ற கார்த்திகையில் சிவப்புக் கட்டம்போட்ட துண்டு ஒன்றை வெள்ளை முண்டுத் துண்டோடு சேர்த்து, உறவுப் பெண்ணின் வளைகாப்புக்குச் சீர்த்தட்டு மூடும் துணி தைத்துக் கொடுத்தேன். முதல் துவையலிலேயே சாயம் இறங்கி வெள்ளை முழுவதும் வெளிறிய சிவப்பாகிவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றாலும், அவள் வீட்டுக் கொடியில் அதைப் பார்த்த அன்று எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. வெட்டுவதற்கு முன் துவைக்காதது என் தவறு. சாயம் போகும் என்று எச்சரிக்காதது கடையின் தவறு. போய்ச் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை. "இனி நனைச்சுப் பார்த்துட்டே எடுங்க்கா" என்றார். அடுத்த மாதம் போனபோது கட்டத்துணி அடுக்கின் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் வெள்ளைத் துணியும் இருந்தன. துண்டின் ஒரு முனையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தால் நிறம் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். எனினும் பருத்தித் துணி முதல் துவையலில் சுருங்கும் என்பதால், இந்தச் சோதனையில் தேறிய துண்டையும் வீட்டில் ஒருமுறை துவைத்து உலர்த்தியபின்தான் இப்போது வெட்டுகிறேன்.

வாசலில் கட்டி வைத்திருக்கும் ஐந்து கிலோ மூட்டைகளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிரித்துப் பார்க்க அனுமதியில்லை, விலை பாதிதான் என்றாலும் நான் வாங்கிய மூட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பனியன் துணி. பனியன் துணி வெட்டியதும் ஓரம் சுருண்டுகொள்ளும், சாதாரண ஊசியில் தையல் விட்டுவிட்டு விழும். முனை மழுங்கிய ஊசியும் வளைந்து வளைந்து ஓடும் ஜிக்ஜாக் தையலும் இருந்தால்தான் அதைத் தைக்க முடியும். நேர்த்தையல் மட்டுமே போடும் மிதியந்திரம் வைத்திருக்கும் என் போன்றவர்களுக்கு அது பயன்படாது. கடைசியில் அவற்றைப் பொடியாக நறுக்கி ஒரு துணிப்பொம்மைக்குள் அடைத்தேன், பொம்மை செங்கல்போல் கனத்தது. இலவம் பஞ்சு லேசாக இருந்தாலும் துவைத்தால் கட்டி தட்டுவதால், இப்போது பொம்மைக்குச் செயற்கைப் பஞ்சையே வாங்குகிறேன். சிறு குழந்தைகளுக்கான பொம்மையில் கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலாலேயே தைத்துவிடுகிறேன், பொத்தான் கழன்று வாய்க்குள் போய்விடும் என்ற அச்சம்தான் காரணம்.

கடையின் உள்ளே வெளிச்சம் போதாது. கருநீலத்தையும் கறுப்பையும் வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தபின்தான் எடை போடச் சொல்ல வேண்டும். வாசலுக்கு எடுத்துப் போவதை அவர் தடுப்பதில்லை, எடையிலும் ஒருமுறைகூடக் குறை கண்டதில்லை. வெட்டிய துணியைத் திரும்ப எடுக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

கசவுத் துண்டுகளுக்காக வருபவர்கள் விஷு நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஓணத்துக்குப் பாவாடையும் சட்டையுமாகத் தைத்து அனுப்பியவர்களின் மிச்சமே இங்கே வருவதால், புரட்டாசி மாதத்தில் அவை மேசையை நிறைத்துக் கிடக்கின்றன. பங்குனியில் போய்க் கேட்டபோது கரையில்லாத வெள்ளைத் துண்டு மட்டுமே இருந்தது. வரும் விஷுவுக்கான அரைக் கிலோவைச் சென்ற புரட்டாசியிலேயே வாங்கித் துவைத்து, வேப்பிலை போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன்.