கிளாஸ் நம்பர்: கையால் போடுவதா, பாரியில் தட்டுவதா?

ராமநாதபுரம், மண்டபம் பக்கம் வீட்டிலிருந்தே இயற்கணித எண்கோட்பாடு படிக்கும் ஆய்வு மாணவர், கிளாஸ் நம்பரை (ஓர் எண்களத்தில் ஒரே விதமாகக் காரணிப்படுத்துவது எவ்வளவு தவறுகிறது என்பதன் அளவு; 1 என்றால் தவறவில்லை) கையால் போடுவது, பாரி என்ற கணித மென்பொருளில் தட்டுவது இரண்டையும் பழகத்தான் வேண்டும். எதை முதலில் என்பதுதான் கேள்வி.

என் ஓட்டு கைக்கு. விகிதமுறு எண்களோடு √−5 சேர்த்த எண்களத்தை எடுங்கள். 6 = 2×3 = (1+√−5)(1−√−5); காரணிகள் ஒரே விதமாகப் பிரியவில்லை. மிங்கோவ்ஸ்கி எல்லை (எந்தப் பகா எண் வரை சோதிக்க வேண்டும் என்று சொல்லும் வரம்பு) ஏறத்தாழ 2.85, ஆகவே 2-ஐ மட்டும் சோதித்தால் போதும். 2 உருவாக்கும் ஐடியல் (2-இன் மடங்குகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு), 2-உம் 1+√−5-உம் சேர்ந்து உருவாக்கும் (2, 1+√−5) என்ற ஐடியலின் வர்க்கம். (2, 1+√−5)-ஐ a+b√−5 என்ற ஒற்றை உறுப்பு உருவாக்கினால் a²+5b² = 2 ஆக வேண்டும்; ஆனால் ஒரு முழு எண்ணின் வர்க்கத்தோடு இன்னொன்றின் வர்க்கத்தை ஐந்து மடங்காக்கிக் கூட்டினால் 2 ஒருபோதும் வராது. அதனால் அந்த ஐடியலை ஒற்றை உறுப்பு உருவாக்காது. கிளாஸ் நம்பர் 2. ராமநாதபுரத்தில் ரயில் ஏறினால் பாம்பன் பாலம் வருவதற்குள் முடிந்துவிடும் (ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால்).

களத்தின் படி (degree; √−5 களத்துக்கு 2) 4, 5 என்று பெருத்தால் கை ஓய்ந்துவிடும். அங்கே பாரி/ஜிபி நொடியில் விடை தரும். இலவசம், நிறுவியபின் நெட்டும் வேண்டாம். ஆனால் அதன் பிஎன்எஃப்இனிட் கட்டளை இன்னும் நிரூபிக்கப்படாத பொதுமை ரீமான் கருதுகோளை நம்பியே கணக்கிடுகிறது. நிரூபணமாக எழுதுவதென்றால் அந்த விடையைக் கருதுகோள் இல்லாமல் உறுதிசெய்யும் பிஎன்எஃப்சர்ட்டிஃபை கட்டளையையும் ஓட்ட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

√−23-ஐக் கையால் போட்டு 3 வருகிறதா பாருங்கள். வந்தால் பாரியைத் திறக்கலாம்.