கிரவுனும் பினியனும் பழசு, கேஜ் மட்டும் புதுசு: கடலூரில் ஒரு நல்ல பட்டறை

பண்ருட்டி பக்கம் எங்களுக்குப் பலாத் தோட்டம். 2010 மாடல் பொலிரோ வைத்திருக்கிறேன். வீட்டுக்கும் அதுதான், சீசனில் பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பழம் ஏற்றவும் அதுதான்.

போன சீசன் முடிவில், வண்டியை எடுக்கும்போதெல்லாம் பின்னால் ‘டொக்’ என்று ஒரு அடி. வளைவில் திரும்பினால் கடகடவென்று சத்தம். முதலில் காட்டிய இடத்தில், பின் ஆக்சிலையே மொத்தமாக மாற்ற வேண்டும் என்று 48,000 ரூபாய் சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை. தெரிந்த டிரைவர் ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இந்தப் பட்டறைக்கு வழி சொன்னார். பெயர்ப்பலகைகூடக் கிடையாது.

மெக்கானிக் முதலில் ஸ்பானரைத் தொடவில்லை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து வண்டியை ஓட்டிப் பார்த்தார். நேர் சாலையில் ஆக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் காது கொடுத்துக் கேட்டார். “அக்கா, ஊளைச் சத்தம் இல்லை. கிரவுன் பினியன் நல்லா இருக்கு. கேஜ்தான் போயிருக்கும்” என்றார். பின் ஆக்சிலின் நடுவில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதை ஓட்டும் சின்னது பினியன். கிரவுனைத் தாங்கும் கூடுதான் கேஜ்.

பிரித்ததும் கூப்பிட்டுக் காட்டினார். கேஜுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்களான ஸ்டார் பினியன்களைத் தாங்கும் கம்பி உட்காரும் ஓட்டை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. அடி அங்கிருந்துதான். கிரவுன் பற்களில் ஒரு பொத்தல்கூட இல்லை. எதற்கும் புது கிரவுன் செட் போட்டுவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கிரவுனும் பினியனும் ஃபேக்டரியிலேயே ஒன்றோடொன்று உரசி ஜோடி சேர்த்தவை, இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். “பழைய அம்மிக்கு அதோட குழவிதான் படியும்” என்றார்.

பினியன் பேரிங்கில் ஆட்டம் இல்லாததால் பினியனைக் கழற்றவே இல்லை. கேஜ், ஸ்டார் செட், இரண்டு சைடு பேரிங், கிரவுன் போல்ட்டுகள், எண்ணெய் சீல்கள் மட்டும் புதுசு. அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. டயல் கேஜ் என்ற அளவுக் கருவியை வைத்துப் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்தார். இரண்டு பக்கத்து சிம்களை, அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளை, மாற்றி மாற்றிப் போட்டு, மூன்றாம் தடவையில் 0.15 மில்லிமீட்டருக்கு வந்தது. அதோடு விடாமல் பற்களில் நீலப் பசையைத் தடவிச் சுற்றவிட்டு, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்தார். முதல் தடவை ஓரத்தில் விழுந்தது. திரும்பவும் கழற்றினார். ஒரு முனகல் இல்லை.

மொத்தம் 19,200 ரூபாய், கூலி அதில் 4,000. கழற்றிய பழைய சாமான்களைச் சாக்கில் கட்டிக் கொடுத்துவிட்டார்.

குறையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் என்றவர் ஐந்து நாள் எடுத்துக்கொண்டார். கேஜ் சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது, ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நானே போன் செய்துதான் தெரிந்துகொண்டேன். உட்கார இடம் கிடையாது. பில் வெள்ளைத் தாளில்தான்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொல்லியிருந்தார். போனேன். வடித்த கியர் எண்ணெயை விரலில் எடுத்துத் தேய்த்து, என் கையிலும் ஒரு சொட்டு வைத்தார். மினுமினுப்பு கொஞ்சம், இரும்புச் சீவல் ஒன்றுகூட இல்லை. புது 90 கிரேடு கியர் எண்ணெய் ஊற்றி, எண்ணெய்க்கு மட்டும்தான் காசு வாங்கினார்.