வட்டி கலக்காத முதலீடு: டாடா எத்திக்கல், டாரஸ் எத்திக்கல், ஷரியா பீஸ் – கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எது தோதுப்படும்?

வட்டியைத் தொடக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறவர்களுக்கு வங்கி டெபாசிட் ஆகாது, அஞ்சலகச் சேமிப்பு ஆகாது, கடன் பத்திரமும் ஆகாது. அதனால்தான் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் பல குடும்பங்களின் சேமிப்பு நகையாகவும் மனையாகவும் நடப்புக் கணக்கில் சும்மா கிடக்கிற பணமாகவும் இருக்கிறது. இவர்கள் முறையாக, பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் கண்காணிப்பில், சின்னத் தொகையில் தொடங்கிப் போடக்கூடிய மியூச்சுவல் ஃபண்டுகளில் (பலரின் பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடுபவை) நீண்ட வரலாறு உள்ளவை மூன்று: டாடா எத்திக்கல் ஃபண்ட், டாரஸ் எத்திக்கல் ஃபண்ட், பங்குச்சந்தையில் வாங்கி விற்கும் நிப்பான் இந்தியா நிஃப்டி 50 ஷரியா பீஸ்.

பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது டாடா எத்திக்கல்: முகவர் இல்லாமல் நேரே போடும் டைரக்ட் பிளான், லாபத்தைப் பிரித்துத் தராமல் உள்ளேயே வளரவிடும் குரோத் ஆப்ஷன். டாரஸ் 2009-இல் வந்தது. அதைவிட டாடாவின் ஃபண்ட் பல மடங்கு பெரியது, பணம் பல துறைகளில் பரவியிருக்கிறது. டாரஸ் மோசமில்லை, ஆனால் சின்ன ஃபண்ட் என்றால் நிர்வாகச் செலவு விகிதத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். ஷரியா பீஸும் 2009-இல் தொடங்கியதுதான். டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) ஏற்கெனவே உள்ளவர்களுக்கு மட்டும் அதைச் சொல்லலாம். காரணம் பின்னால் வருகிறது.

முதலில், ஷரியா எனும் இஸ்லாமிய மார்க்கச் சட்டப்படி எந்தப் பங்கு உள்ளே வரலாம் என்று பிரிக்கும் வடிகட்டியைப் புரிந்துகொள்ள வேண்டும். டாடா எத்திக்கல் தன்னை ஒப்பிட்டுக்கொள்வது நிஃப்டி 500 ஷரியா குறியீட்டோடு. நிஃப்டி ஷரியா குறியீடுகளுக்குப் பங்குகளைச் சலித்துக் கொடுப்பது மும்பையைச் சேர்ந்த டாசிஸ் என்ற நிறுவனம். சலிப்பு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் தொழிலைப் பார்க்கிறார்கள்: வங்கி, வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம், மது, புகையிலை, பன்றி இறைச்சி, சூதாட்டம் போன்றவை அங்கேயே வெளியே போய்விடும். இரண்டாம் கட்டம் கணக்கு. வட்டிக்கு வாங்கிய கடன் மொத்தச் சொத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வட்டி வழியாக வரும் வருமானம் மொத்த வருமானத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வரவேண்டிய பாக்கியும் ரொக்கமும் சேர்ந்து மொத்தச் சொத்தில் 90 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

அதாவது, 1,000 கோடி சொத்துள்ள கம்பெனிக்கு 240 கோடி கடன் இருந்தால் உள்ளே, 260 கோடி இருந்தால் வெளியே. 500 கோடி வருமானத்தில் வட்டி 15 கோடி வரை சரி, 16 கோடி என்றால் கிடையாது. இந்த 3 விழுக்காடு விதிதான் பலரை ஆச்சரியப்படுத்தும். கடனே இல்லாத நல்ல கம்பெனி, கையில் சேர்ந்த ரொக்கத்தை எல்லாம் டெபாசிட்டில் போட்டு வைத்த ஒரே காரணத்தால் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அதைக் குறையாகப் பார்க்கத் தேவையில்லை. வட்டியை விலக்குவதாகச் சொல்லும் ஃபண்ட் அங்கே கண்டிப்பாக இருந்தால்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம்.

நம் மாவட்டத்திலிருந்தே உதாரணம் எடுக்கலாம். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டாருக்கு டிவிஎஸ் கிரெடிட் என்ற துணை நிறுவனம் உண்டு. அசோக் லேலண்டுக்கு ஹிந்துஜா லேலண்ட் ஃபைனான்ஸ். இரண்டும் வட்டிக்குக் கடன் கொடுப்பவை. தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கைப் பார்த்தால் கடன் குறைவாகத் தெரியும். துணை நிறுவனங்களைச் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கில் அதே கம்பெனி கடனில் மூழ்கியதுபோலத் தோன்றும். “வண்டி செய்கிற கம்பெனிதானே, ஹலாலாகத்தான் இருக்கும்” என்று பங்கை நேரடியாக வாங்குகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். தனிப் பங்கு வாங்குவதென்றால் ஆண்டறிக்கையில் ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பை எடுத்து, கடன்களைக் கூட்டி, மொத்தச் சொத்தால் வகுத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்காகத்தான் ஃபண்ட்.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இல்லாததால் இந்த ஃபண்டுகளின் நடை பொதுச் சந்தையிலிருந்து மாறும். ஐம்பது பெரிய கம்பெனிகளின் குறியீடான நிஃப்டி 50-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிதித்துறை. அது முழுக்க இங்கே காலி. அந்த இடத்தில் மென்பொருள், மருந்து, நுகர்பொருள் கம்பெனிகள் கூடுதல் எடையோடு உட்கார்ந்திருக்கும். வங்கிப் பங்குகள் ஓடும் ஆண்டில் இந்த ஃபண்ட் பின்தங்கும். 2020-இல் மென்பொருளும் மருந்தும் ஏறி வங்கிகள் திணறியபோது நிலைமை தலைகீழ். ஓர் ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் இண்டெக்ஸ் ஃபண்டோடு (குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) ஒப்பிட்டு வெளியேறுவது வீண்.

முழுக்கப் பங்கு என்பதையும் மறக்கக் கூடாது. 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23 வரை நிஃப்டி 50 சுமார் 38 விழுக்காடு சரிந்தது. இரண்டு வருடத்தில் ஹஜ் போக வேண்டும், அடுத்த தையில் மகளுக்குக் கல்யாணம் என்று நாள் குறித்த பணம் இங்கே வரவே கூடாது. குறைந்தது ஏழு வருடம் தொடாத பணம் மட்டும். குறுகிய காலப் பணத்துக்கு வட்டியில்லாத நல்ல இடம் நம் நாட்டில் அமைப்பு முறையில் இன்னும் அமையவில்லை. வட்டியில்லா வங்கிச் சேவையைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சொல்லிவிட்டது. தங்கம் ஒரு வழி. ஆனால் அரசின் தங்கப் பத்திரம் ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டி தருவது. அதைக் கவனிக்காமல் “தங்கம்தானே” என்று வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

மாந்தோப்பு வைத்திருப்பவர்களின் சிக்கல் தனி. வருமானம் மே, ஜூன், ஜூலையில் மொத்தமாக வரும், மற்ற மாதங்களில் வறட்சி. ஆலோசகர்கள் வழக்கமாகச் சொல்வது: மொத்தப் பணத்தை லிக்விட் ஃபண்டில் போட்டு, அங்கிருந்து மாதாமாதம் பங்கு ஃபண்டுக்கு மாற்றுங்கள். வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. லிக்விட் ஃபண்டின் வருமானமே குறுகிய காலக் கடன் பத்திரங்களின் வட்டிதான். படிவத்தில் இந்த மாதாந்தர மாற்றம் ‘எஸ்டிபி’ என்று மூன்றெழுத்தில் இருப்பதால் கண்ணில் படாமல் போகிறது. மாற்று வழி: தொகையைக் கையால் நான்காகப் பிரித்து, ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, மே என்று நேரடியாக ஃபண்டில் போடுவது. நடுவில் பணம் நடப்புக் கணக்கில் இருக்கட்டும். சேமிப்புக் கணக்கில் இருந்தால் வரும் வட்டியைத் தனியே குறித்து, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். தொழிற்பேட்டைச் சம்பளக்காரர்களுக்கு மாதாந்தர எஸ்ஐபி (மாதாமாதம் ஒரே தொகை வங்கியிலிருந்து தானாக ஃபண்டுக்குப் போவது) போதும். சம்பளம் ஏறிய இரண்டு மூன்று நாள் கழித்துத் தேதி வையுங்கள். ஒன்றாம் தேதி வைத்துவிட்டு சம்பளம் இரண்டாம் தேதி வந்தால், கணக்கில் பணமில்லை என்று வங்கி அபராதம் பிடிக்கும்.

தொடங்கும்போது எங்கே மாட்டும் என்றால், கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பில். பான் அட்டையில் ‘ஷேக் முகமது’, ஆதாரில் ‘எஸ். முகமது’, வங்கியில் ‘முகமது எஸ்’ என்றிருந்தால் நிலை ‘ஆன் ஹோல்டு’ என்று நின்றுவிடும். இனிஷியலை விரித்து எழுதும் வழக்கம் நம் பக்கத்தில் இல்லாததால் இது சாதி மத பேதமில்லாமல் எல்லோருக்கும் வருகிறது. முதலில் ஆதாரையும் பானையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு வங்கி, கடைசியில் ஃபண்ட். வரிசை மாறினால் இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும்.

முகவர் மூலம் போட்டால் ரெகுலர் பிளான், நேரே போட்டால் டைரக்ட். 2013 ஜனவரி முதல் இரண்டும் தனித்தனி. ஆண்டுச் செலவில் ஒரு விழுக்காடு வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 ரூபாய், 20 வருடம்: 12 விழுக்காடு வளர்ந்தால் சுமார் 50 லட்சம், 11 விழுக்காடு என்றால் சுமார் 43.7 லட்சம். கணக்குப் புரிவதற்கான எண்கள் இவை, வாக்குறுதி அல்ல. நல்ல முகவர் கேஒய்சி, நாமினி, பதற்றத்தில் விற்காமல் தடுப்பது என எல்லாம் பார்த்துக்கொண்டால் அந்தக் கூலி நியாயமே. முகவருக்கான பதிவு எண்ணாகிய ஏஆர்என் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஷரியா பீஸ் பற்றி: செலவு விகிதத்தை மட்டும் பார்த்து இதற்குத் தாவக் கூடாது. சந்தையில் வாங்குவோரும் விற்போரும் குறைவு. அன்றைய உண்மை மதிப்புக்கும் திரையில் தெரியும் விலைக்கும் இடைவெளி விழும். கிடைத்த விலைக்கு வாங்கும் ‘மார்க்கெட் ஆர்டர்’ போட்டால் அந்த இடைவெளி உங்கள் தலையில். நிப்பான் தளத்தில் காட்டும் ஐஎன்ஏவி (அந்த நேரத்து உண்மை மதிப்பு) பார்த்து, அதை ஒட்டி, விலையை நீங்களே குறிக்கும் ‘லிமிட் ஆர்டர்’ போட வேண்டும். புரோக்கர் செயலியில் ‘எம்டிஎஃப்’ என்ற பொத்தானைத் தொட்டால் வட்டிக்குக் கடன் வாங்கி ஷரியா பங்கு வாங்கியதாக முடியும். அந்தச் சேவையை முழுதாக அணைத்துவிடுங்கள்.

வாங்கிய பிறகும் வேலை இருக்கிறது. இதை எந்த ஃபண்டும் உங்களுக்காகச் செய்து தரும் என்று எண்ணிவிடக் கூடாது. 3 விழுக்காடு வரை வட்டி வருமானம் அனுமதி என்றால், கொஞ்சம் வட்டி உள்ளே வந்துவிட்டது என்றுதான் பொருள். அதைப் பிரித்துத் தர்மம் செய்வதே தூய்மைப்படுத்துதல். உங்கள் ஃபண்டின் மதிப்பு 2,00,000 ரூபாய், அதிலுள்ள கம்பெனிகள் ஆண்டுக்குச் சராசரியாக 1 விழுக்காடு டிவிடெண்ட் தருகின்றன என்று வைத்துக்கொண்டால் 2,000 ரூபாய். அதில் உச்ச வரம்பான 3 விழுக்காடு, 60 ரூபாய். விலையேற்ற லாபத்திலும் பிரிக்க வேண்டும் என்று சொல்லும் மார்க்க அறிஞர்களும் உண்டு. உள்ளூர் முஃப்தியிடம் கேட்டு ஒரு வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜகாத் எனும் கட்டாயத் தர்மம் இதிலிருந்து வேறு. முழு மதிப்புக்கும் 2.5 விழுக்காடு என்ற பேணுதலான கணக்கில் 5,000 ரூபாய். இன்னொரு சோதனை: மாதாந்தரப் பங்குப் பட்டியலின் கடைசி வரிகளைப் பாருங்கள். அங்கே ‘ரெப்போ’, ‘ட்ரெப்ஸ்’ என்று இருந்தால் சும்மா கிடக்கும் ரொக்கம் வட்டியில் வைக்கப்பட்டிருக்கிறது. மின்னஞ்சலில் விளக்கம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சுற்றுச்சூழலைக் காக்கும் முதலீடு வேண்டும் என்று இந்த ஃபண்டுகளுக்கு வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஷரியா வடிகட்டி ஆற்றில் கழிவு விடுவதைப் பார்க்காது, கரியமில வாயுவைப் பார்க்காது. கடன் குறைந்த சிமென்ட் கம்பெனி தாராளமாக உள்ளே வரலாம். உயிர்க்கொலை கூடாது என்னும் சமணக் குடும்பத்துக்கும் இது முழுப் பதில் அல்ல. தோல் பொருள், இறால் தீவனம் செய்கிறவை தடுக்கப்படுவதில்லை. மறுபக்கம், சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் பார்த்துப் பங்கு தேர்ந்தெடுக்கும் இஎஸ்ஜி ஃபண்டுகளில் வங்கிப் பங்குகள் சாதாரணமாக முன்வரிசையிலேயே இருக்கும். 2023 ஜூலையில் செபி இவற்றுக்கு ஆறு வகை வகுத்து, குறைந்தது 80 விழுக்காடு பணம் சொன்ன உத்தியின்படியே இருக்க வேண்டும் என்றது. அது நல்ல கட்டுப்பாடு, ஆனால் வட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் வேண்டுமென்றால், ஃபண்டின் முதல் பத்துக் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் பிஆர்எஸ்ஆர் எனும் பொறுப்பு அறிக்கைப் பகுதியில், சுற்றுச்சூழல் பற்றிய ஆறாம் கொள்கையைத் திறந்து பாருங்கள். எடுத்த தண்ணீர், விட்ட புகை, அபாயக் கழிவு எல்லாம் எண்களாக இருக்கும். சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகளுக்கு 2022-23 முதல் இது கட்டாயம்.

‘ஹலால்’ என்ற சொல்லை வைத்தே ஏமாற்றியவர்களும் உண்டு. 2019 ஜூனில் பெங்களூரில், ஹலால் முதலீடு என்று பணம் திரட்டிய ஐ மானிடரி அட்வைசரி நிறுவனம் சரிந்தபோது பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு போனது. ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான். மாதாமாதம் இவ்வளவு லாபப் பங்கு என்று நிலையான தொகையை யார் உறுதி சொன்னாலும் அது அடிப்படையிலேயே முரண்: லாப நஷ்டத்தில் பங்கு என்பதுதான் வட்டிக்கு மாற்று, நஷ்டமே வராது என்றால் அது வட்டியின் மறுபெயர். செபி பதிவு எண் கேளுங்கள். பணம் யார் பெயருக்குப் போகிறது என்று பாருங்கள். தனி நபர் பெயரிலோ ஏதோ டிரேடர்ஸ் பெயரிலோ என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஏற்கெனவே போட்டு மாட்டியிருந்தால், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொருளாதாரக் குற்றப் பிரிவில் ரசீதோடு புகார் கொடுக்கலாம்.

வரி மூன்றுக்கும் ஒன்றே. ஓர் ஆண்டுக்கு மேல் வைத்து விற்றால், ஆண்டு லாபத்தில் 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 விழுக்காடு. ஓர் ஆண்டுக்குள் விற்றால் 20 விழுக்காடு.

நாமினி கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், ஆனால் அதை வாரிசுரிமை என்றும் நினைக்காதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதிப்படுத்தியது. மனைவி பெயரை மட்டும் எழுதியிருந்தாலும் மார்க்கச் சட்டப்படி பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பங்கு உண்டு. மரண சாசனம் எழுதுவதானால் மூன்றில் ஒரு பங்குக்குள், வாரிசு அல்லாதவருக்கு. ஃபோலியோ எண் (ஃபண்டில் உங்கள் கணக்கு எண்), பதிவு செய்த கைபேசி எண், வங்கிக் கணக்கு மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் இருவருக்காவது தெரியும்படி வைத்துவிடுங்கள்.