ஜப்பான் வண்டியில் ஸ்டீரியோ மாற்றப் போகிறீர்களா? கப்ளரை வெட்ட விடாதீர்கள்

ஜப்பானில் ஓடி இறக்குமதியாகி வந்த டொயோட்டா ஒன்று வைத்திருக்கிறேன். அதில் இருந்த கம்பெனி ஸ்டீரியோவை மாற்றக் கொடுத்த இடத்தில் வரிசையாகச் செலவு வைத்தார்கள். புது செட் போனது, ஒரு ஸ்பீக்கர் போனது, பேட்டரி போனது, ரிவர்ஸ் கேமரா போனது. எல்லாவற்றுக்கும் கடைக்காரர் வண்டியின் மேலேயே பழி போட்டார்: "ஜப்பான் வண்டி சார், அப்படித்தான் இருக்கும்." அப்புறம் வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தபோதுதான் வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தது.

செட்டை மாற்ற நினைத்ததே ரேடியோவுக்காகத்தான். ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பழைய செட்கள் 90 வரைக்கும், பின்னால் வந்தவை 95 வரைக்கும் பிடிக்கும். மற்ற நாடுகளில் பெரும்பாலும் 87.5 முதல் 108 வரை. ஆக, நம் நிலையங்களில் பாதிக்கு மேல் அந்த செட்டுக்கு எட்டவே எட்டாது. நம் நிலையங்களின் அலைவரிசையை அந்த செட்டுக்கு எட்டுகிற அளவுக்கு இறக்கித் தர, ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவில் மாட்டுகிற ஒரு சின்ன கன்வெர்ட்டர் கிடைக்கிறது. திரையில் எண் தவறாகத் தெரியும், ஒலியும் கொஞ்சம் மட்டம்தான், ஆனால் ரேடியோ மட்டும் போதும் என்பவர்களுக்கு அதுவே காணும். எனக்கு மெனுவும் ஜப்பானிய எழுத்தில் இருந்தது, வரைபடமும் ஜப்பானுக்கானது. அதனால் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பழைய செட்டை வெளியே இழுத்ததும் பின்னால் இரண்டு வெள்ளை கப்ளர்கள், அதாவது வண்டியின் வயர்களை செட்டோடு இணைக்கும் பிளக்குகள், தெரிந்தன. ஒன்று 10 பின், இன்னொன்று 6 பின். பக்கத்தில் இருக்கும் நாக்கை அழுத்தினால் கழன்று வந்துவிடும். கடைப் பையன் அழுத்தவில்லை. கட்டிங் பிளையரை எடுத்து, கப்ளர்கள் பழைய செட்டிலேயே தொங்க, வயர்களை நறுக்கென்று வெட்டிவிட்டான். ஏன் என்று கேட்டால், "இதுக்குக் கப்ளர் கிடைக்காது சார்" என்றார் முதலாளி. பச்சைப் பொய். டொயோட்டா பல காலமாக ஏராளமான வண்டிகளில் இதே ஜோடியைத்தான் வைத்திருக்கிறது. இதற்குப் பொருந்தும் மாற்று கப்ளர் சாதாரணமாகக் கிடைக்கிற சாமான்.

வெட்டியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நிறத்துக்கு நிறம் பார்த்து முறுக்கி டேப் சுற்றினான். வினை அங்கேதான். டொயோட்டாவில் சாவி போட்டால் மின்சாரம் வருகிற வயர் சாம்பல் நிறம். வெளியில் வாங்கும் செட்களில் சாம்பல் என்பது முன் வலது ஸ்பீக்கருக்குப் போகிற வயர். சாம்பலையும் சாம்பலையும் சேர்த்தால் என்ன ஆகும்? சாவியைத் திருப்பியதும் ஸ்பீக்கர் வயர் வழியாக 12 வோல்ட் செட்டுக்குள் பாய்ந்தது. கருகிய வாடை அடித்தது, செட் செத்தது. "வண்டியில வோல்டேஜ் சரியில்ல சார்" என்று சொல்லி இரண்டாவது செட்டுக்கும் என்னிடமே காசு வாங்கினார்.

இரண்டாவது முறை அந்தச் சாம்பல் வயர்களை டேப் சுற்றி ஓரமாக விட்டுவிட்டார்கள். முன் வலது ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. அதற்கு அவர் சொன்னது, ஸ்பீக்கர் கோன் கிழிந்திருக்கிறதாம். சாவி வயர் எது என்று கண்டுபிடிக்காததால் செட்டின் சிவப்பையும் (சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வேண்டியது) மஞ்சளையும் (எப்போதும் மின்சாரம் வேண்டியது) சேர்த்து, எப்போதும் மின்சாரம் இருக்கும் வயரில் கொடுத்துவிட்டார்கள். சாவியை எடுத்த பிறகும் செட் உள்ளுக்குள் விழித்தே இருந்தது. ஒருநாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. போன் செய்தால், பேட்டரி பழசு, மாற்றுங்கள் என்கிறார்.

கேமரா கதை இன்னும் மோசம். இந்த வண்டிகளின் கம்பெனி கேமராக்கள் பலவற்றுக்கு 6 வோல்ட்தான் வேண்டும். அதைப் பழைய செட்டே குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. இவர்கள் ரிவர்ஸ் லைட்டிலிருந்து 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தார்கள். கடையில் நிற்கும்போது படம் பளிச்சென்று வந்தது, கொஞ்ச நாளில் திரை கறுத்துப்போனது. புதுக் கேமரா ஒன்றை விற்று, பின்கதவில் ஓட்டை போட்டு மாட்டினார்கள். அந்த ஓட்டையை எந்த எலக்ட்ரீஷியனாலும் சரி செய்ய முடியாது.

அகலத்திலும் கோட்டை விட்டார்கள். டொயோட்டாவின் இடம் 200 மில்லிமீட்டர், சாதாரண டபுள் டின் (கார் செட்களின் பொதுவான பெரிய அளவு) செட் 178. இரண்டு பக்கமும் 11 மில்லிமீட்டர் சந்து. அதற்கென்று பக்கச் சட்டம் விற்கிறது, இல்லையென்றால் 200 அகலத்திலேயே செட் வாங்கலாம். எனக்குக் கிடைத்தது கறுப்பு ஸ்பாஞ்ச்.

இவ்வளவுக்கும் பிறகு எஃப்எம்மும் இரைச்சலோடுதான் வந்தது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஏரியலுக்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் உண்டு, அதற்கு செட்டின் நீல வயரிலிருந்து மின்சாரம் போக வேண்டும். அதை இணைக்கவே இல்லை. எலக்ட்ரீஷியன் அந்த ஒரு வயரைக் கொடுத்ததும் ரேடியோ தெளிவாகிவிட்டது. கிழிந்ததாகச் சொன்ன ஸ்பீக்கரும் பாடியது. ஸ்டீரிங் பட்டன்களும் இந்த செட்டோடு பேசாது என்றுதான் கடையில் சொன்னார்கள். வயர் கொடுத்து, செட் மெனுவில் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பதிந்ததும் அவையும் வேலை செய்தன.

வேலை தொடங்கும் முன் உங்கள் வண்டிக்கான மாற்று கப்ளரைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் செட்டை இழுக்கவே விடாதீர்கள். காசு கொடுக்கும் முன் நான்கு ஸ்பீக்கரையும் தனித்தனியாகப் பாட வைத்துக் கேளுங்கள், சாவியை எடுத்ததும் செட் அணைகிறதா என்றும் பாருங்கள். பழைய செட்டும் கேமராவும் உங்களோடு வீட்டுக்கு வந்தாக வேண்டும். ஆகாத சாமான் என்று அவர்களே சொன்னாலும் சரி. என் செட்டைத் திருப்பிக் கேட்டபோது குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வெட்டிய கப்ளர்கள் அதில்தான் இருந்தன, அவை கிடைத்திருந்தால் பழையபடி ஒட்டியிருக்கலாம். இரண்டாவது செட்டின் காசை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், முதலாளி இப்போது போனை எடுப்பதில்லை.