சருகா, ஷீட்டா, கூழாங்கல்லா? கோடைக்கு முன் எந்த மூடாக்கு?

குளிர்காலத்தில் மட்டும் மழை பெய்து, கோடை முழுக்க வறண்டு கிடக்கும் மிதமான தட்பவெப்பத்தில் வசந்தத் தொடக்கம் என்றாலே வேலை குவிந்துவிடும். கவாத்து, நாற்று, களை எல்லாமே முக்கியம்தான். ஆனால் தள்ளிப்போடவே கூடாதது மூடாக்கு, அதாவது செடியைச் சுற்றி மண்ணை மூடிவைப்பது. மழை விட்டுப்போன ஈரம் வெயில் ஏறிவிட்டால் திரும்பக் கிடைக்காது.

சருகு, பிளாஸ்டிக் ஷீட், கூழாங்கல் மூன்றையும் தோட்டத்தில் போட்டுப் பார்த்த பிறகு, என் காய்கறிப் பாத்திகளில் இப்போது சருகும் வைக்கோலும்தான். ஈரம் காக்கும், களையை அடக்கும் என்பது மூன்றுக்கும் பொது. என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. அதிலும், கோடை முடிந்தபின் பாத்தியில் என்ன மிஞ்சுகிறது என்பது.

கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்த முதல் வாரத்தில் பாத்தி அவ்வளவு சுத்தமாக இருக்கும். மண்ணும் சீக்கிரம் சூடாகும். தக்காளி, தர்பூசணி மாதிரிச் சூடு கேட்கும் செடிகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காது, அடியில் சொட்டுநீர்க் குழாய் போட்டே ஆக வேண்டும். ஒரு துளை அடைத்துக்கொண்டாலும் செடி வாடும்வரை வெளியில் தெரியாது. பருவம் முடிந்து எடுக்கும்போதுதான் உண்மையான வேலை. வெயிலில் நொறுங்கிய ஷீட் கை வைத்த இடமெல்லாம் கிழியும். செடித் துளைகளைச் சுற்றி வேரோடு பின்னிக்கிடக்கும் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும்; எவ்வளவு பொறுக்கினாலும் அடுத்த முறை கொத்தும்போது நகம் அளவுத் துணுக்குகள் மேலே வரும்.

சருகுக்கும் வேலை உண்டு, மறுக்கவில்லை. மட்கி இறங்கிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் மேலே போட வேண்டும். ஆனால் எதையும் பிடுங்கி எடுக்க வேண்டியதில்லை. கோடைக் கடைசியில் மேல்சருகை ஒதுக்கினால், அடிச்சருகு கறுத்து, வெள்ளைப் பூஞ்சை இழை ஓடி, பாதி மண்ணாகியிருக்கும். அதற்குக் கீழே மண் பொலபொலவென்று, விரல் தடையில்லாமல் இறங்கும். சும்மா விட்ட பாத்தியில் அதே நேரத்தில் கொத்து பட்டால் டங்கென்று சத்தம்தான் வரும். செய்கிற வேலை அடுத்த ஆண்டு மண்ணில் சேர்ந்துகொண்டே போகிறது, எனக்கு அது போதும்.

குறைகளும் உண்டு. வைக்கோலோடு களை விதை வரும். சில வகைக் களைக்கொல்லி அடித்த வயலின் வைக்கோல் என்றால் தக்காளி இலை சுருண்டுவிடலாம், எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குவது நல்லது. ஈர நாட்களில் நத்தை சேரும். இளநாற்று உள்ள பாத்தியில் அதனால் கொஞ்சம் பொறுத்துத்தான் போடுகிறேன்.

கூழாங்கல்லை ஓரத்தில் ரோஸ்மேரி, லாவண்டரைச் சுற்றி மட்டும் போட்டிருக்கிறேன். அடித்தண்டு காய்ந்தே இருப்பதால் அவற்றுக்குப் பிடித்துப்போயிற்று. காய்கறிக்கு எப்படி என்று அனுபவத்தில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் தெரியும்: கல்லிடுக்கில் தூசியும் இலையும் சேர்ந்து அதிலேயே களை முளைக்கிறது. கொத்து போட முடியாது, கையால்தான் பிடுங்க வேண்டும்.

சருகு என்று முடிவு செய்தால் மண் ஜில்லென்று இருக்கும்போதே மூடிவிடாதீர்கள், சூடேற நாளாகும். நாற்று வேர் பிடிக்கட்டும். பாத்தியை ஆழமாக நனைத்துவிட்டு 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். காய்ந்த மண்ணை மூடினால் வறட்சிதான் உள்ளே நிற்கும். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள், ஒட்டிப் போட்டால் அழுகல் வரும். அப்புறம், மேலாகத் தெளிக்கிற தண்ணீரைச் சருகே குடித்துவிடும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, சில நாளுக்கு ஒருமுறை வேர்வரை இறங்கும்படி விடுங்கள்.