கடல் மீன் வளர்ப்போர் கவனத்துக்கு: 'நோய் பார்த்து அனுப்பும் மீன்' என்று சொல்லி என்னிடம் வாங்கிய 86,500 ரூபா

கடல் மீன் தொட்டி வைத்திருக்கும் திருகோணமலை உறவுகளும் வெளியூர் நண்பர்களும் தயவுசெய்து இதை முழுவதும் வாசியுங்கள். இணையத்தில் கடல் மீன் விற்கும் ஒரு பக்கத்தை நம்பி 86,500 ரூபாவை இழந்திருக்கிறேன். அந்தக் காசோடு, எங்கள் வீட்டில் வருடக்கணக்காக வளர்ந்த கிளவுன் மீன் சோடியில் ஒன்றும் செத்துவிட்டது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் பக்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்களுக்குக் கடை என்று ஒன்று கிடையாது. கொழும்புப் பக்கமிருந்து வங்கிக் கணக்கில் காசை வாங்கிக்கொண்டு, இரவு பஸ்ஸில் பொதி போட்டுவிடும் வியாபாரம். கடல் மீன்களுக்கு ஒட்டுண்ணி நோய் வராமல் தடுப்பது எப்படி, வந்தால் என்ன செய்வது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

கடற்கரையில் இருந்துகொண்டு மீனைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று சிலர் கேட்பார்கள். எங்கள் ஊர்க் கடலில் உள்ள புறாத்தீவு 2003ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்கா; அங்கிருந்து ஒரு சின்னப் பவளத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது, எடுப்பவர்களை நான் ஆதரிப்பதும் இல்லை. அதனால்தான் முறையாக விற்பவர் என்று தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். நான் விரும்பியது பவுடர் ப்ளூ டாங். இந்து சமுத்திரத்துக்கே உரிய அழகான மீன். ஆனால் வெண்புள்ளி நோய் முதலில் பிடிப்பதும் அதைத்தான். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன்பே, மீன்களைத் தனிமைத் தொட்டியில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறீர்களா என்று கேட்டேன்.

"அக்கா, எங்கட மீன் எல்லாம் முப்பது நாள் கொப்பர்ல இருந்துதான் வெளியில வரும். கல்லு, மண் ஒண்டும் போடாத தொட்டி. நோய் வந்தா சொல்லுங்க, முழுக் காசும் திருப்பித் தாறன்" என்றார். அந்தக் குரல் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. கொப்பர் என்றால் ஒட்டுண்ணியைக் கொல்லும் செப்பு மருந்து. அந்தச் செப்பின் அளவு லீட்டருக்கு 0.15 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஒட்டுண்ணி சாகாது, 0.20க்கு மேலே ஏறினால் மீன் தாங்காது என்பதால் ஒவ்வொரு நாளும் அளந்து பார்ப்பதாகச் சொன்னார். செப்பை வேறொரு பொருளோடு பிணைத்துச் செய்யும் கட்டுண்ட வகை மருந்துகளுக்கு வேறு அளவு என்பதையும் அவராகவே சொன்னார். என் தொட்டி நீரின் ஒப்படர்த்தி, அதாவது உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு, எவ்வளவு என்று விசாரித்தார், 1.025 என்றேன், தானும் அதே அளவில் வைத்து அனுப்புவதாகச் சொன்னார். மீன்கள் நீந்தும் காணொளியும் அனுப்பினார். அவர் சொன்ன இலக்கங்கள் எல்லாம் சரியானவை. இவ்வளவு சரியாகப் பேசுகிறவர் தொழிலிலும் சரியாக இருப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒரு டாங்குக்கும் இரண்டு வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கும் 64,000 ரூபா வைப்பிலிட்டேன். வழக்கமான விலையைவிட இது மிகவும் கூட. அந்த முப்பது நாள் பராமரிப்புக்காகவே கூட்டிக் கேட்டார், அதற்காகவே நானும் கொடுத்தேன்.

மீன்கள் உயிரோடு வந்தன, தீனும் தின்றன. அடுத்த கிழமைக்குள் டாங்கின் செட்டைகளில் உப்புத்தூளைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. கல்லில் உடம்பை உரசிக்கொண்டு ஓடியது. உடனே படம் எடுத்து அனுப்பினேன். பதிலும் உடனே வந்தது: "அக்கா, யோசிக்காதீங்க. பயணக் களைப்புதான். எங்கட சொந்த மருந்து ஒண்டு இருக்கு, பவளத்துக்கும் இறாலுக்கும் ஒண்டும் செய்யாது, தொட்டிக்குள்ளயே விடலாம்." அந்த மருந்துக்கு 22,500 ரூபா. 64,000ஓடு இதைக் கூட்டினால் 86,500 ரூபா.

மருந்து விட்ட சில நாட்களில் புள்ளிகள் காணாமல் போயின. நான் சொல்வதற்கு முன்பே அவர் கேட்டுவிட்டார்: "இப்ப சுகம்தானே அக்கா? ஒரு படம் அனுப்புங்க." அனுப்பினேன். அன்று இரவே அந்தப் படம், 'திருகோணமலை வாடிக்கையாளர், எங்கள் மருந்தில் சுகமான மீன்' என்ற வாசகத்தோடு அவருடைய பக்கத்தில் விளம்பரமாக வந்தது.

நண்பர்களே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். கடல் மீனின் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியன் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்குள்ளும் செவுளுக்குள்ளும் புகுந்து சில நாட்கள் தின்று பெரிதாகிறது. நாம் காணும் புள்ளி அதுதான். பெருத்ததும், எந்த மருந்தும் விடாவிட்டாலும், தானாகவே மீனை விட்டுக் கழன்று, மணலிலோ கல்லிலோ ஒட்டித் தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்கிறது. அந்த உறைக்குள் அது பலவாகப் பிரிந்து, சில நாட்களிலோ பல கிழமைகளிலோ, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெளியே வருகிறது. அவை ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். கண்ணாடித் தொட்டிக்குள் அதற்கென்ன கஷ்டம்? ஆகவே மூன்றாம் நான்காம் நாளில் மீன் சுத்தமாகத் தெரிவது சுகம் அல்ல. அந்த இடைவெளியில் பச்சைத் தண்ணீரை விட்டாலும் மருந்து வேலை செய்தது போலத்தான் இருக்கும். அவருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த நாளைப் பார்த்துப் படம் கேட்டார்.

புள்ளிகள் திரும்பியபோது எல்லா மீன்களிலும் வந்தன. டாங் தண்ணீர் விழும் குழாயின் வாயருகே நின்று வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. விடிய எழுந்து பார்க்கும்போது கிடந்தது. பிறகு வண்ணத்துப்பூச்சி மீன்கள் இரண்டும், அதன் பிறகு கிளவுன் சோடியில் பெண்ணும். இறால்கள் எல்லாம் ஏற்கெனவே செத்திருந்தன. 'இறாலுக்கு ஒண்டும் செய்யாது' என்ற மருந்து அது.

போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, ஒட்டியிருந்த தாளின் ஒரு மூலை ஈரத்தில் கிளம்பியிருந்தது. மெதுவாக உரித்தேன். அடியில் வேறொரு தாள்: மலக்கைட் பச்சை கலந்த, நன்னீர் மீன்களுக்கான மருந்து. தொட்டியின் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கன் மூலைகள் நீலப்பச்சையாகச் சாயம் ஏறியிருப்பதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அந்தப் போத்தலைத்தான் 22,500 ரூபாவுக்கு எனக்கு விற்றிருக்கிறார்.

காணொளியையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மீன்களுக்குப் பின்னால், தொட்டியின் இடது மூலையில், சங்குக்குள் குடியிருக்கும் சின்ன நண்டு ஒன்று கால்களை நீட்டி நடக்கிறது. மீனுக்கு மருந்தாகும் அளவு செப்பு இருக்கும் நீரில் நண்டும் இறாலும் சங்கும் உயிரோடு இருக்கவே முடியாது. முப்பது நாள் அல்ல, ஒரு நாள்கூட அந்தத் தொட்டிக்குள் செப்பு இருக்கவில்லை.

இவை இரண்டையும் அவருக்கு அனுப்பிக் காசைக் கேட்டேன். நண்டைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் பஸ்ஸில் குலுங்கியதால் வந்த நோய் என்றார். பிறகு என் பழைய மீனிலிருந்து வந்தது என்றார். ஒரு வருடத்துக்கு மேலாகப் புதிய மீனோ கல்லோ போகாத தொட்டி அது. பிறகு, "உங்கட ஊர்த் தண்ணிதான் பிழை அக்கா. மகாவலி கொட்டியாரக் குடாவில விழுது, மழைக் காலத்தில உப்புக் குறையும், அதுதான் நோய்" என்றார். நான் அளந்து வைத்திருப்பது 1.025. உண்மையிலேயே உப்பு வெகுவாகக் குறைந்திருந்தால் அந்த ஒட்டுண்ணிதான் முதலில் செத்திருக்கும், ஒப்படர்த்தியை 1.009 வரை இறக்கி வைப்பதே இந்த நோய்க்கு ஒரு சிகிச்சை. இதைச் சொன்னதும் கதை மாறியது: அடுத்த தடவை வாங்கும்போது பத்து வீதம் கழிவு தருவாராம். 86,500 ரூபாவைப் பறிகொடுத்தவரிடம் இன்னும் வாங்கு என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? அதன் பிறகு வேறொரு குரல் எடுத்து, "அண்ணா ஊரில இல்ல, நான் தம்பி" என்றது. இப்போது என் இலக்கத்தையே தடுத்து வைத்திருக்கிறார்கள். என் மீனின் படம் மட்டும் அந்தப் பக்கத்தில் இன்னும் விளம்பரமாக நிற்கிறது. அந்த மீன் செத்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்து யாரும் காசு போட்டுவிடாதீர்கள்.

மிஞ்சிய ஒரு கிளவுனைக் கல்லும் மணலும் இல்லாத பெட்டியில், ஒளிந்துகொள்ள ஒரு பீவீசீ குழாய்த் துண்டோடு, இரண்டு மூன்று நாட்களில் படிப்படியாக 1.009க்கு இறக்கி வைத்திருக்கிறேன். பெரிய தொட்டி மீன் இல்லாமல் 76 நாள் கிடக்க வேண்டும். உறைகளில் இருந்து வருவதெல்லாம் பிடிக்க மீன் கிடைக்காமல் சாவதற்கு அவ்வளவு காலம் விடுவதே பாதுகாப்பு.

தடுப்பு முறைகளை விரிவாக எழுத நினைத்தேன். கோபத்தில் கை ஓடவில்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன். விற்பவர் என்ன சொன்னாலும் புது மீனை உங்கள் சொந்தத் தனிமைத் தொட்டியில் வைத்துத்தான் பாருங்கள். செப்பு மருந்தைப் பவளமும் கல்லும் உள்ள தொட்டிக்குள் ஒருபோதும் விடாதீர்கள். அளக்கும் பெட்டி இல்லாமல் மருந்தையே தொடாதீர்கள். பவளத்தோடு சேர்த்து விடலாம், நோயும் மாறும் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். பூண்டுச் சாறும் இந்த நோயை மாற்றாது. புள்ளிகள் மிக நுண்ணிய தூசியாகத் தெரிந்து மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது வேறொரு ஒட்டுண்ணியால் வரும் வெல்வெட் நோயாக இருக்கலாம். அதற்கு உப்பைக் குறைப்பது உதவாது, செப்புத்தான் வேண்டும், ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. காணொளி அனுப்பினால் மீனைப் பார்ப்பதோடு நிற்காமல் தொட்டியின் மூலைகளையும் பாருங்கள். வைப்புச் சிட்டை, குரல் பதிவு, போத்தல் எதையும் எறியாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தால் முறைப்பாடு எடுப்பார்கள். இதே பக்கத்தில் ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் முறைப்பாட்டைப் பதியுங்கள். என்னிடம் உள்ள சாட்சிகள் அத்தனையையும் தருகிறேன்.