ஐந்து சிலிண்டர் எண்டெவரும் ஒரு டெயில் லேம்ப்பும்

மச்சான் ஒரு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி "இதை எடுக்கலாமா? உங்ககிட்டதான் இருக்கே, சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். 2018 மாடல் ஃபோர்டு எண்டெவர், 3.2 லிட்டர், ஃபோர் வீல் டிரைவ், இரண்டாவது ஓனர். அதே வண்டியை நானும் செகண்ட் ஹேண்டில் வாங்கி வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பதில் அடிக்க ஆரம்பித்து அது நீண்டுகொண்டே போனதால் எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன். 200 குதிரைத்திறன், 470 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு சீட் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: வண்டியின் டெயில் லேம்ப் பிரச்சினை இப்போதுதான் தீர்ந்திருக்கிறது, நான் இன்னும் கோபத்தில்தான் இருக்கிறேன். கீழே எழுதுவதைப் படிக்கும்போது அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

லேம்ப் கதையை முடித்துவிட்டு மற்றதற்குப் போகிறேன். ஒரு சுங்கச்சாவடி வரிசையில் முன்னால் நின்ற லாரி பின்னால் உருண்டு வந்தது. நான் ரிவர்ஸ் எடுத்து ஒதுங்கப் பார்த்ததில் பக்கத்து இரும்புத் தடுப்பில் இடது பின்மூலை உரசி, டெயில் லேம்ப் நொறுங்கிவிட்டது. பாடியில் கீறலோடு சரி, டிங்கரிங் வேலை ஒரே நாளில் முடிந்தது. லேம்ப் மட்டும் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் "அடுத்த வாரம் சார்" என்றார்கள். அந்த அடுத்த வாரத்திலும் "அடுத்த வாரம் சார்". இல்லை என்று சொல்லியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேன். வரும் வரும் என்று சொல்லி மாதக்கணக்கில் இழுத்ததுதான் எரிச்சல். ஓட்டையில் மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க பாலிதீன் சுற்றி, மேலே சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டு ஓட்டினேன். கடைசியில் சென்னையின் பழைய வண்டிச் சாமான் சந்தையான புதுப்பேட்டையில் ஒருவர், மோதி நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய லேம்ப் ஒன்றை உள்ளே இருந்து எடுத்து வந்து வைத்தார். அதன் ஓரத்தில் யாரோ ஒட்டியிருந்த ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரின் பாதி இன்னும் இருக்கிறது, சுரண்டியும் போகவில்லை. வலது பக்க லேம்ப் வெயிலில் லேசாக மங்கியிருக்கிறது, இடது பக்கம் பளிச்சென்று இருக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் வண்டி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது மாதிரி தெரிகிறது.

இந்த வண்டியைப் பற்றி நான் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொன்னால், தேய்கிற சாமான் கிடைக்கும், உடைகிற சாமான் கிடைக்காது. ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. குஜராத்தின் சானந்த் ஆலையை டாடா வாங்கிக்கொண்டது, சென்னைக்குப் பக்கத்து மறைமலை நகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள், என் அனுபவத்தில் அது பெரும்பாலும் உண்மைதான். ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ் எதுவானாலும் அலைச்சல் இல்லை. இதே வண்டி தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் எவரெஸ்ட் என்ற பெயரில் ஓடுகிறது, அடித்தளம் ரேஞ்சர் பிக்கப்பினுடையது. அதனால் எஞ்சின் பக்கத்துச் சாமான்கள் உலகம் முழுக்க விற்கின்றன. டயர் 265/60 ஆர் 18. டொயோட்டா ஃபார்ச்சூனர் ஃபோர் வீல் டிரைவுக்கும் அதே அளவு என்பதால் எந்த ஊர் டயர் கடையிலும் எடுத்துக்கொடுப்பார்கள். மாட்டிக்கொள்வது லேம்ப், பம்பர், கண்ணாடி, மிரர் இந்த வகையில்தான். மெக்கானிக்கல் கோளாறால் வண்டி நடுவழியில் நின்றுபோகாது, ஆனால் ஒரு ஆட்டோக்காரர் லேசாக உரசினால் நமக்குப் பகீரென்கிறது. பார்க்கிங்கில் இடம் தேடும்போது நிழலைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், தூணையும் பக்கத்து வண்டியையும்தான் பார்க்கிறேன்.

கம்பெனி திரும்பி வருகிறது என்று உற்சாகப்படுகிறவர்களுக்கு: மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதி உற்பத்திக்குப் பயன்படுத்துவதாக 2024 செப்டம்பரில் தமிழக அரசிடம் கடிதம் கொடுத்தார்கள், பிறகு எஞ்சின் தயாரிப்பு என்ற பேச்சு வந்தது. ஊருக்கு வேலை வந்தால் சந்தோஷம். என் பழைய வண்டியின் லேம்ப்புக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சரி, இவ்வளவு புலம்புகிறவன் ஏன் விற்கவில்லை என்றால், எஞ்சின்.

ஐந்து சிலிண்டர் டீசல் நம்ம சாலைகளில் அபூர்வம். நான்கு சிலிண்டரின் கடகடப்பும் இல்லை, ஆறின் வழவழப்பும் இல்லை, நடுவில் ஒரு உறுமல். கண்ணாடி ஏற்றிவிட்டால் அதுவும் பாதிதான் கேட்கும், ஏனென்றால் உள்ளே ஸ்பீக்கர் வழியாகவே இரைச்சலை அடக்கும் ஏற்பாடு இருக்கிறது. சென்னையிலிருந்து தென்காசிப் பக்கம் எங்கள் ஊருக்கு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆளும் சாமானும் நிறைய இருக்கும்போது இந்த 470 நியூட்டன் மீட்டர் எதற்கு என்று புரியும். ஆக்ஸிலேட்டரை அழுத்தவே தேவையில்லை, காலை வைத்தால் போதும், பஸ்ஸைத் தாண்டிவிடும். டீசல் டேங்க் 80 லிட்டர். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் எனக்கு லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுக்கிறது, ஆக நிரப்பிக்கொண்டு கிளம்பினால் ஊர் போய்ச் சேரும் வரை பங்க்கைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். சென்னை ஊருக்குள் மட்டும் மைலேஜைக் கேட்காதீர்கள், அது வேறு கோபம்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. லோடு ஏற ஏற இந்த வண்டி நன்றாக ஓடுகிறது. தனி ஆளாக ஓட்டினால் மோசமான ரோட்டில் பின்பக்கம் லேசாகத் தூக்கிப்போடும், லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் பாடியை வைக்கும் லேடர் சட்ட வண்டிகளில் அது சகஜம். அறுவடை முடிந்து ஊரிலிருந்து அரிசி மூட்டை, தேங்காய், அம்மா கட்டிக்கொடுக்கும் ஊறுகாய் ஜாடி, பக்கத்து வீட்டுக்காரர் "மெட்ராஸ்ல என் பையன்கிட்ட கொடுத்துடுங்க" என்று நீட்டும் பலாப்பழம் என்று பின்னால் ஏற்றினால், ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகிறது. பின் ஆக்ஸிலுக்கு லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங் வைக்காமல் காயில் ஸ்பிரிங்கும், ஆக்ஸில் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் வாட்ஸ் லிங்க்கும் வைத்திருப்பது ஒரு காரணம். மலைப்பாதை என்றாலே எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொள்ளும் என் அத்தை, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் தூங்கிக்கொண்டு வந்தார். (ஓட்டியவனுக்குத்தான் தூக்கம் போனது. ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், ஒவ்வொரு வளைவிலும் எதிர்ப்பக்கத்தையும் எடுத்துக்கொண்டுதான் திருப்ப முடியும்.)

சாமான் ஏற்றுவதைப் பற்றி மச்சான் தனியாகக் கேட்டிருந்தான். மூன்றாவது வரிசை சீட்டைப் பட்டன் அமுக்கினால் மோட்டார் மடக்கிவிடும், தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். ஃபார்ச்சூனரில் அந்த சீட்டைத் தூக்கி இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும், மாட்டினால் அகலம் போய்விடும். கட்டில் பலகை, பைப், பிரிட்ஜ் அட்டைப்பெட்டி ஏற்றுகிறவர்கள் இதை நேரில் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். மோட்டார் மெதுவாகத்தான் மடக்கும், கையில் மூட்டையோடு நிற்கிறவனுக்கு அந்த முனகல் முடிவதற்குள் பொறுமை போய்விடும். தரை உயரம் அதிகம், 25 கிலோ சிப்பத்தைத் தூக்கி உள்ளே தள்ளினால் இடுப்புக்கு வேலை. மூன்றாவது வரிசையில் பெரியவர்களை உட்காரவைத்து நீண்ட பயணம் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முழங்கால் தாடைக்கு வந்துவிடும். அது பிள்ளைகளுக்கான இடம்.

வாங்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது நிறைய, எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்லவில்லை. ஆயில் விஷயத்தை மட்டும் கட்டாயம் கேளுங்கள். ஃபோர்டின் இந்த 2.2, 3.2 லிட்டர் டீசல் எஞ்சின்களில் ஆயில் பம்ப் ஒருமுறை வறண்டுவிட்டால் மறுபடி ஆயிலை இழுக்காமல் போகக்கூடும். அதனால் பழைய ஆயிலை வடித்த பத்து நிமிஷத்துக்குள் புது ஆயிலை ஊற்றிவிட வேண்டும். நம்ம மெக்கானிக்குகளுக்கோ "நல்லா வடியட்டும் சார், டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்பது பழக்கம். அந்த டீ மொத்த எஞ்சினுக்கே உலை வைத்துவிடலாம். நான் ஃபில்டரையும் பத்து லிட்டருக்கு வேண்டிய புது ஆயில் கேன்களையும் திறந்து வைத்துவிட்டுத்தான் கீழே உள்ள போல்ட்டைக் கழற்றச் சொல்வேன். பக்கத்திலேயே நிற்பேன், முறைத்தாலும் பரவாயில்லை. விற்கிறவர் ஆயில் எங்கே மாற்றினார், பில் இருக்கிறதா, அந்த ஒர்க்‌ஷாப்புக்கு இந்த எஞ்சின் பழக்கமா என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியில் மழை. எத்தனையோ வண்டிகள் மூழ்கின, காயவைத்துத் துடைத்து விற்றவர்களும் உண்டு. எண்டெவர் 800 மில்லிமீட்டர் தண்ணீர் வரை போகும் என்று கம்பெனியே சொல்வதால், போய்ப் பார்த்துவிடலாம் என்று இறக்கியவர்கள் இருந்திருப்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் மண் கறை இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே தெரியும் பாகத்தை ஷாம்பூ போட்டிருப்பார்கள், அந்தக் கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவுவதில்லை. சேறு, செங்குத்து ஏற்றத்துக்கான லோ ரேஞ்ச் கியர் பட்டனையும் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் போட்டு அமுக்கினால் அந்த கியர் விழ வேண்டும். ஷோவுக்காக ஃபோர் வீல் டிரைவ் வாங்கி ஒருநாளும் போடாத வண்டிகள்தான் அதிகம், அமுக்கும்போது ஓனரே பயந்துபோய்ப் பார்ப்பார். டெல்லி நம்பர் என்றால் விலை குறைவாகத்தான் இருக்கும், அங்கே டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான் என்று இருந்த பழைய கணக்கில் தள்ளிவிடுவார்கள். அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), நம்ம ஊர் ஆயுள் வரி, ஆர்.டி.ஓ. அலைச்சல் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் அந்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் பெரிய எஸ்.யூ.வி.களுக்கான வரி, செஸ்ஸோடு சேர்ந்து 50 சதவீதமாக இருந்தது 40 ஆனது. புது வண்டிகளின் விலை லட்சக்கணக்கில் இறங்கியது. பழைய வண்டி விற்கிறவர்களில் பலர் அந்தச் செய்தி காதில் விழாதது போலவே விலை சொல்கிறார்கள். மச்சான் அனுப்பிய விளம்பரமும் அந்த ரகம்தான். ஃபார்ச்சூனர் ஓனர் அப்படிக் கேட்டால் அர்த்தம் உண்டு, வெள்ளை ஃபார்ச்சூனருக்கு இந்த மாநிலத்தில் கொடி கட்டாத நாளிலும் கிராக்கிதான். கம்பெனி கிளம்பிப்போன வண்டிக்கும் அதே முறுக்கு எதற்கு? பேரத்தில் அதைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும். கூடவே இன்ஷூரன்ஸையும் பாருங்கள். வண்டி பழசாகிவிட்டால் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் பம்பர் டூ பம்பர் பாலிசி கொடுக்கப் பல கம்பெனிகள் தயங்கும். உடைகிற சாமான் கிடைக்காத வண்டிக்கு உடைந்தால் முழுப்பணமும் வராத பாலிசி. யோசித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு மச்சான் "அப்ப எடுத்துடறேன் மாமா" என்பான், எனக்குத் தெரியும். வேண்டாம். டொயோட்டா இன்னோவா கிறிஸ்டா எடு. 2.4 டீசல், மேனுவல், சர்வீஸ் ரெக்கார்டு உள்ளதாகப் பார்த்து எடு. உனக்கு இருப்பது ஒரே வண்டி, போடியிலிருந்து மேலே தோட்டத்துக்குப் போக அதுதான் வேண்டும், உர மூட்டைக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். ஒரு மிரருக்காக மாதக்கணக்கில் டேப் ஒட்டிக்கொண்டு திரிய உனக்கு நேரமில்லை. நான் சென்னையில் இருக்கிறேன், தினமும் மெட்ரோவில் போகிறேன், சாமான் தேட புதுப்பேட்டையும் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்குக் கட்டுப்படியாகிறது.

என் வண்டியை வாங்கிக்கொள்ளலாமே என்று அடுத்து கேட்பான். அதுவும் இல்லை. வலது பக்க டெயில் லேம்ப் ஒன்று உபரியாக வாங்கி அட்டைப்பெட்டியில் சுற்றி பரணில் வைத்திருக்கிறேன், பம்பர் ஒன்றுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.